பார்க்கிங்கா, பஸ்ஸா, நடைபாதையா? செனட்டில் எழுந்த கேள்வியை வைத்து ஓர் ஒப்பீடு

மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகரில் எங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையம் 1.8 கிலோமீட்டர். இந்த 1.8 கிலோமீட்டரை மூன்று அரசாங்கங்கள் பங்கு போட்டு வைத்திருக்கின்றன. நடைபாதை உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலுடையது. பஸ் விக்டோரியா மாநில அரசுடையது. நிலையத்தை ஒட்டிய கார் பார்க்கிங்கைப் பெரிதாக்கித் தருகிறோம் என்று தேர்தல் வந்தால் கான்பெராவில் இருக்கும் ஒன்றிய அரசிடமிருந்து வாக்குறுதி வரும்.

இந்த மாதக் கடைசிக்குள் கவுன்சிலுக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். நிலையத்துக்குப் போய்வர எது முதலில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது இதைப் பற்றிப் பேச்சு வந்தது. பத்துப் பேரில் எட்டுப் பேர் பார்க்கிங் என்றார்கள். யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர், "காலமை ஏழு மணிக்குப் பிறகு போனா ஒரு இடமும் இல்லைத் தம்பி, பிறகு வேற என்னத்தைக் கேக்கிறது?" என்றார். அவர் சொல்வது உண்மை. நானும் அந்த இடத்தைத் தேடி மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறேன். ஆனாலும் பார்க்கிங்கை நான் முதலில் எழுதப் போவதில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் நடந்த ஒரு விஷயம். அதைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டைத் தொடங்க முடியாது.

2019 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. அதற்கு முன்பு அன்றைய லிபரல்–நேஷனல் கூட்டணி அரசு, நகர நெரிசல் நிதியிலிருந்து 66 கோடி டாலரை ரயில் நிலையக் கார் பார்க்கிங்குகளுக்கு ஒதுக்கியது. மொத்தம் 47 இடங்கள். தேசியத் தணிக்கை அலுவலகம் அந்தத் திட்டத்தை ஆராய்ந்து 2021 ஜூன் 28 அன்று அறிக்கை வெளியிட்டது. அந்த 47 இடங்களில் ஒன்றைக்கூடப் போக்குவரத்துத் துறை அதிகாரிகள் பரிந்துரைக்கவில்லை என்று அதில் இருந்தது. 77 சதவீத இடங்கள் ஆளுங்கூட்டணியின் தொகுதிகளில் இருந்தன. தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முந்தைய ஒரே நாளில் 27 இடங்கள் முடிவாயின.

எங்கள் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய வரி ஒன்றும் அந்த அறிக்கையில் உண்டு. 47 இடங்களில் 64 சதவீதம் மெல்பர்னுக்கு வந்தது. அதிலும் பெரும்பகுதி எங்கள் தென்கிழக்குப் பக்கம். ஆனால் மெல்பர்னில் நெரிசல் மிக மோசமாக இருந்த சாலைகள் வடமேற்கில் இருந்தன. டார்னீட், மெல்டன் பக்கம் குடியேறிய நம் ஆட்கள் எத்தனை பேர் விடியுமுன் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள் என்று நமக்கே தெரியும். அவர்களுக்குப் போயிருக்க வேண்டிய காசு எங்கள் பக்கம் வந்தது. எனக்கு அதில் சந்தோஷம் இல்லை.

அடுத்த மாதம், 2021 ஜூலையில், இந்த அறிக்கையைப் பற்றி விசாரித்த செனட் குழுவின் முன் தணிக்கை அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். குழுவில் எதிர்க்கட்சியான லேபரின் செனட்டர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: இந்த இடங்கள் எப்படித் தேர்வாயின்? தேடல் தொடங்கியதே இழுபறித் தொகுதிகள் இருபதின் பட்டியலிலிருந்து என்ற பதில் அப்போதுதான் வெளியே வந்தது. அந்தந்தத் தொகுதியின் ஆளுங்கட்சி உறுப்பினரிடம், உறுப்பினர் இல்லாத இடத்தில் வேட்பாளரிடம், உங்கள் பக்கம் எந்த நிலையத்துக்குப் பார்க்கிங் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பஸ் ஓட்டும் மாநில அரசிடமும், சாலை போடும் கவுன்சிலிடமும் அந்தக் கேள்வி அப்படிப் போகவில்லை.

மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினருக்குத் தன் பகுதியின் தேவை தெரியாதா என்று அரசுத் தரப்பு வாதிட்டது. அந்த வாதத்தை நான் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. நல்ல உறுப்பினருக்குத் தெரியும்தான். ஆனால் பட்டியலில் பெயர் இல்லாத தொகுதியின் உறுப்பினருக்கும் தெரியுமே. அவரை யாரும் கேட்கவில்லை.

இந்தக் கேள்வியைக் கீழவையான பிரதிநிதிகள் சபையில் கேட்டிருந்தால் இந்த அளவு பதில் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். அங்கே அரசுக்குப் பெரும்பான்மை இருக்கும். செனட்டில் 76 பேர். மாநிலத்துக்குப் பன்னிரண்டு, இரண்டு பிரதேசங்களுக்கும் இரண்டிரண்டு. 1949லிருந்து விகிதாசார முறையில் தேர்ந்தெடுப்பதால் ஆளுங்கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை கிடைப்பது அபூர்வம். அதனால் எதிர்க்கட்சியும் சிறு கட்சிகளும் சேர்ந்தால் விசாரணைக் குழு அமைக்கலாம், ஆவணங்களை அவையில் வைக்கச் சொல்லித் தீர்மானம் போடலாம். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது எஸ்டிமேட்ஸ் விசாரணை. 1970லிருந்து நடக்கிறது. அமைச்சரோடு துறை அதிகாரிகளையும் எதிரே உட்கார வைத்து, பட்ஜெட்டின் ஒவ்வொரு வரியையும் காட்டி இந்தப் பணம் எங்கே போனது என்று செனட்டர்கள் கேட்பார்கள். சில நாள் இரவு பதினொரு மணி வரை போகும். பதில் கையில் இல்லையென்றால் எழுத்தில் தருகிறோம் என்று அதிகாரி சொல்வார். அந்த எழுத்துப் பதில்கள் பிறகு வெளியாகும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

சரி, இது லேபர் நல்லவர்கள், கூட்டணி கெட்டவர்கள் என்ற கதை இல்லை. அதே 2019 தேர்தலில் லேபரும் ரயில் நிலையப் பார்க்கிங்குக்கு 30 கோடி டாலர் தருவதாகச் சொல்லித்தான் வாக்குக் கேட்டது. 2022இல் ஆட்சி மாறியதும் இருக்கைகளும் மாறின. எதிர்க்கட்சியில் போக்குவரத்துப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் நேஷனல்ஸ் கட்சியின் செனட்டர் பிரிட்ஜெட் மெக்கன்ஸி. 10 கோடி டாலர் விளையாட்டு வசதி மானியம் பற்றிய தணிக்கை அறிக்கைக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் அமைச்சர் பதவியை விட்டவர் அவர். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொன்னவர் இப்போது இந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டார்.

கேட்க விஷயமும் இருந்தது. 2023 நவம்பரில் போக்குவரத்து அமைச்சர் கேத்தரின் கிங் சுமார் 50 திட்டங்களுக்கான ஒன்றிய நிதியை நிறுத்தினார். பழைய கார் பார்க்கிங்குகள் சில அதில் போயின. கூடவே 22.5 கோடி டாலர் ஒதுக்கியிருந்த ஃபிராங்க்ஸ்டன்–பாக்ஸ்டர் ரயில் பாதை மேம்பாடும் போயிற்று. இனி ஒன்றியமும் மாநிலமும் பாதிக்குப் பாதி போடுவதே பொது விதி என்றும் சொன்னார்கள். கிராமப்புறச் சாலைகளுக்கு ஒன்றியம் நூற்றுக்கு எண்பது போட்டு வந்ததே, அது என்ன ஆகும் என்று எதிர்க்கட்சி கேட்டது. கேட்டவர் யாராக இருந்தாலும் அது நியாயமான கேள்வி.

இரண்டு பக்கத்தையும் பார்த்த பிறகு என் மனதில் நின்றது இதுதான்: எதைக் கேட்டாலும், அதைக் கேட்டது யார், தேர்ந்தெடுத்தது யார், அனுபவிக்கப்போவது யார் என்று பார்க்க வேண்டும். அந்தக் கண்ணோடு எங்கள் 1.8 கிலோமீட்டருக்கு வருகிறேன்.

பார்க்கிங்கிலிருந்து தொடங்கலாம். அதற்குச் சொல்ல நல்ல வார்த்தை இல்லாமல் இல்லை. குழந்தையை டே கேரில் விட்டுவிட்டு அப்படியே நிலையத்துக்குப் போகிறவருக்குக் கார்தான் வழி. இரவு வேலை முடித்துப் பதினொன்றரைக்கு ரயிலிலிருந்து இறங்கும் நர்ஸுக்கு, பஸ் இல்லாத நேரத்தில், விளக்கடியில் நிற்கும் தன் கார் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று என் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். நகரத்தின் விளிம்பில், கடைசி ஒன்றிரண்டு நிலையங்களில், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு வேறு வழியே கிடையாது. அங்கே பார்க்கிங் கட்டியே ஆக வேண்டும்.

ஆனால் நடுவில் இருக்கும் எங்களைப் போன்ற நிலையத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 66 கோடியை 47ஆல் வகுத்தால் ஓர் இடத்துக்குச் சராசரி 1.4 கோடி டாலர். ஒரு கார் நிற்க, வந்து போகும் வழியையும் சேர்த்து, 25 முதல் 30 சதுர மீட்டர் தேவை. ஐந்நூறு கார் என்றால் ஒன்றரை ஹெக்டேர் வரை போகும். நிலையத்தை ஒட்டிய, ஊரிலேயே மதிப்புள்ள நிலம் அது. அந்த ஐந்நூறு காரிலும் பெரும்பாலும் ஆளுக்கொரு கார்தான். காலை நேரத்து ரயில் ஒன்றில் ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம். ஆக, அத்தனை செலவும் ஒரே ஒரு ரயிலில் பாதியைக்கூட நிரப்பாது. 6.50 ரயிலும் 7.05 ரயிலும் போனதும் பார்க்கிங் நிறைந்துவிடும். எட்டு மணி ஷிஃப்டுக்குப் போகிறவருக்கும், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒன்பதரைக்கு வருகிறவருக்கும் அது இல்லாதது போலத்தான். யாழ்ப்பாணத்து அண்ணர் சொன்ன குறை, இடத்தை இரண்டு மடங்காக்கினாலும் ஏழு மணி என்பது ஏழேகால் ஆகுமே தவிர, தீராது.

மெல்பர்னில் இந்தப் பார்க்கிங் இலவசம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்துத் தெருக்காரர்கூடக் காரில்தான் வருவார். ஐந்து நிமிடத்தில் நடந்து வரக்கூடிய ஒருவர் தினமும் வண்டியை எடுத்துவருவதைப் பார்த்திருக்கிறேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தெருவில் நடைபாதை பாதியில் நின்றுவிடுகிறது.

இன்னொன்று, கார் ஓட்டாதவர்கள். பதினேழு வயதுப் பிள்ளை, பேரனைப் பார்க்க ஆறு மாத விசாவில் வந்திருக்கும் அம்மா, லைசென்ஸ் இன்னும் எடுக்காத புதுப்பெண், கண் மங்கிய பெரியவர். இவர்களுக்குப் பார்க்கிங்கில் ஒரு சென்ட் பயனும் கிடையாது. எங்கள் தமிழ்ப் பள்ளி வாசலில் பேசியவர்கள் எல்லோரும் கார் ஓட்டுகிறவர்கள். காரில் உட்கார்ந்திருந்த பாட்டிமார்களை யாரும் கேட்கவில்லை. இழுபறித் தொகுதிப் பட்டியல் போட்டவர்கள் செய்த அதே தவறை நாங்களும் சின்ன அளவில் செய்துகொண்டிருந்தோம்.

அடுத்து பஸ். எங்கள் தெரு முனையில் பஸ் நிறுத்தம் இருக்கிறது. அரை மணிக்கு ஒரு பஸ். ஜூலை மாதம் ஏழரை மணிக்குத்தான் விடியும். போன குளிர்காலத்தில் ஒரு வாரம் பிடிவாதமாக பஸ்ஸிலேயே போனேன். திங்கள் ஒழுங்காக இருந்தது. செவ்வாய்க்கிழமை பஸ் நிலையத்துக்குள் திரும்பும்போது ரயில் கதவு மூடும் மணி காதில் விழுந்தது. ஓட்டுநர் அக்கறையான மனிதர். முன்கதவை நிறுத்தத்துக்கு வருமுன்பே திறக்கத் தயாராக நின்றார். நாங்கள் ஏழெட்டுப் பேர் படிகளில் ஓடினோம். பிளாட்பாரத்தில் பின்விளக்கு சிவப்பாகத் தெரிந்தது. அடுத்த ரயிலுக்குப் பத்து நிமிடம். அது பெரிய விஷயமில்லை. ஆனால் மாலையில் திரும்பும்போது இதே மாதிரி பஸ்ஸைத் தவறவிட்டால் அரை மணி நேரம் குளிரில் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை அப்படி நின்றேன். பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு ஒரு பெண் பிள்ளை, கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது தினமும்.

இந்தக் குறை பஸ்ஸின் குறை இல்லை, இடைவெளியின் குறை. இதைச் சரிசெய்ய எவ்வளவு வேண்டும் என்பதும் தலை சுற்றும் கணக்கில்லை. எங்கள் வழித்தடம் நிலையத்திலிருந்து கிளம்பிச் சுற்றி வர அரை மணி ஆகிறது. ஒரு பஸ் ஓடினால் அரை மணிக்கு ஒன்று. மூன்று ஓடினால் பத்து நிமிடத்துக்கு ஒன்று. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் அட்டவணையைப் பார்க்கவே வேண்டாம், தவறினாலும் கவலையில்லை. மைக்கி பயண அட்டையில் பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறினால் அதே இரண்டு மணி நேர டிக்கெட்தான்; பஸ்ஸுக்கென்று தனிச் செலவு இல்லை.

இது முடியுமா என்றால், முடிந்திருக்கிறது. மெல்பர்னிலேயே ஸ்மார்ட்பஸ் 901, 902, 903 மூன்றும் நகர மையத்துக்கே போகாமல் புறநகர்களைச் சுற்றி ஓடுகின்றன. வார நாட்களில் கால் மணிக்கு ஒன்று வருவதால் ஆட்கள் நம்பி ஏறுகிறார்கள். பெர்த்தில் 2007 டிசம்பரில் திறந்த மாண்டுரா பாதையைப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலை நடுவே ரயில், அதன் மேலேயே பஸ் நிலையம். புல் கிரீக்கிலும் மர்டாக்கிலும் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கீழே போனால் ரயில். பார்க்கிங்கும் அங்கே உண்டு. ஆனால் அந்தப் பாதைக்கு உயிர் கொடுத்ததில் பஸ்களுக்குப் பெரிய பங்கு.

பஸ்ஸின் நிஜமான பலவீனம் பணம் வரும் வழி. பார்க்கிங் ஒரு முறைச் செலவு. ரிப்பன் வெட்டலாம், பெயர்ப்பலகை வைக்கலாம், தேர்தல் துண்டறிக்கையில் படம் போடலாம். பஸ்ஸுக்கு ஒவ்வொரு வருடமும் ஓட்டுநர் சம்பளம், டீசல், பராமரிப்பு. கான்பெராவின் சாலைப் பணம் பெரும்பாலும் கட்டுமானத்துக்கே வருகிறது. அரசியல் சட்டத்தின் 96ஆம் பிரிவுப்படி மாநிலங்களுக்கு எந்த நிபந்தனையோடும் ஒன்றியம் பணம் தரலாம், பஸ் ஓட்டத் தரக் கூடாது என்று எந்தத் தடையும் இல்லை. தருகிற பழக்கம்தான் இல்லை. எதிர்க்கட்சி செனட்டர் ஒருவர் எஸ்டிமேட்ஸில் இதைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை: இத்தனை கோடிக்குக் கட்டிய பார்க்கிங்கில் தினமும் எத்தனை பேர் கூடுதலாக ரயில் ஏறுகிறார்கள், அதே காசில் பஸ் ஓட்டியிருந்தால் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள் என்று துறை கணக்குப் பார்த்ததா?

கூப்பிட்டால் வரும் பஸ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மெல்பர்னில் ஃப்ளெக்ஸிரைடு என்ற பெயரில் ரோவில், லில்லிடேல் போன்ற இடங்களில் ஓடுகிறது. செயலியில் பதிவு செய்தால் அருகில் வந்து ஏற்றிக்கொள்ளும். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் பகுதிக்கும், மருத்துவரிடம் போகும் முதியவருக்கும் நல்லது. ஆனால் ஒவ்வொருவர் இருக்கும் பக்கமாகவும் சுற்றிப் போவதால் ஒரு மணி நேரத்தில் ஒரு வண்டி ஐந்தாறு பேருக்கு மேல் ஏற்றுவது கடினம். காலை ஏழு மணிக் கூட்டத்துக்கு அது பதில் இல்லை. ரோவிலுக்கு ரயில் பாதை என்பது 1969ஆம் ஆண்டு நகரப் போக்குவரத்துத் திட்டத்திலேயே இருந்தது, இன்னும் வரவில்லை. ரயிலுக்குக் காத்திருந்தவர்களுக்கு ஒரு வேன் கிடைத்திருக்கிறது.

கட்டணக் குறைப்பும் ஒரு வழிதான். குவீன்ஸ்லாந்தில் 2024 ஆகஸ்ட் 5 முதல் எங்கே போனாலும் 50 சென்ட் என்று சோதனையாகத் தொடங்கி, ஆட்சி மாறிய பிறகும் நிரந்தரமாக்கினார்கள். மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் மாணவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் எங்கள் தெருவுக்கு அதனால் கூடுதலாக ஒரு பஸ்ஸும் வராது. வராத பஸ்ஸில் டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்து என்ன?

இனி நடைபாதை. இங்கேதான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி யாருமே பேசவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து நிலையம் வரை நடந்து பார்த்துக் குறித்து வைத்தேன். முதல் 700 மீட்டர் நல்ல சிமெண்ட் நடைபாதை. பிறகு ஒரு பக்கம் மட்டும். பிறகு ஏறத்தாழ 400 மீட்டருக்கு ஒன்றுமே இல்லை. புல்வெளி ஓரத்தில் ஆட்கள் நடந்து நடந்து மண் தேய்ந்து ஒற்றையடிப்பாதை ஆகியிருக்கிறது. மழை பெய்தால் சேறு. அதன் முடிவில் ரவுண்டபவுட் வருகிறது. அங்கே பாதசாரிகள் கடக்கக் கோடும் இல்லை, விளக்கும் இல்லை. ஒரு சனிக்கிழமை, எங்கள் தெருவில் இருக்கும் பாட்டி ஒருவர் சக்கரம் வைத்த சந்தைப் பையை இழுத்துக்கொண்டு அந்த ரவுண்டபவுட் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் காரில் போய்க் கடையை முடித்துத் திரும்பி வரும்போது அவர் அப்போதுதான் அக்கரை சேர்ந்திருந்தார். பையின் சக்கரம் முழுக்கச் சேறு. காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டேன். "பரவாயில்லப்பா, தினமும் போறதுதானே" என்றார்.

பஸ் ஏறப் போகிறவரும் முதலில் நடக்கத்தான் வேண்டும். பஸ் நிறுத்தத்துக்கு 400 மீட்டர் நடந்து வருவார்கள் என்று வைத்துத்தான் வழித்தடம் போடுகிறார்கள். அந்த 400 மீட்டர் சேறாக இருந்தால் பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தும் பயனில்லை. பார்க்கிங்கிலிருந்து இறங்குகிறவரும், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவரும், சக்கர நாற்காலிக்காரரும் எல்லோரும் நடைபாதையில்தான் சேர்கிறார்கள்.

இதைப் போட வேண்டியது கவுன்சில். கவுன்சிலுக்குக் கை கட்டியிருக்கிறது. ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தில் உள்ளாட்சி என்ற சொல்லுக்கே இடமில்லை. சேர்க்கலாமா என்று 1974இலும் 1988இலும் மக்களிடம் வாக்கெடுத்தபோது இரண்டு முறையும் தோற்றது. விக்டோரியாவில் 2016லிருந்து வீட்டு வரியை ஆண்டுக்கு இவ்வளவுதான் உயர்த்தலாம் என்று மாநிலம் வரம்பு கட்டுகிறது. வரி கட்டுகிறவனாக எனக்கு அது நிம்மதிதான், ஆனால் அந்த வரம்பின் விலையை அந்த 400 மீட்டரில் பார்க்கிறேன். நாட்டின் சாலை நீளத்தில் நான்கில் மூன்று பங்கைக் கவுன்சில்கள்தான் பார்த்துக்கொள்கின்றன. நூலகம், குப்பை, தாய்சேய் நல மையம், விளையாட்டுத் திடல் எல்லாம் அவர்கள் தலையில். ஒன்றியம் 1974–75லிருந்து மாநிலங்கள் வழியாகக் கவுன்சில்களுக்கு நிதி உதவி தருகிறது. ஆண்டுக்கு 300 கோடி டாலருக்கு மேல். கேட்கப் பெரிய தொகை. ஆனால் 1996 வாக்கில் ஒன்றிய வரி வருவாயில் நூற்றுக்கு ஒன்றாக இருந்த பங்கு இப்போது அரைக்கு வந்துவிட்டது.

இந்தப் பணத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எந்தத் தொகுதி, யார் உறுப்பினர் என்று பார்க்காமல் விதிமுறைப்படி பிரிகிறது. எங்கே செலவழிப்பது என்று கவுன்சிலே முடிவெடுக்கிறது. 2001இல் தொடங்கிய சாலை மீட்புத் திட்டமும் இப்படித்தான் பிரிகிறது. அதை ஆண்டுக்கு 50 கோடியிலிருந்து படிப்படியாக 100 கோடியாக்குவதாக 2023 நவம்பரில், திட்டங்களை நிறுத்திய அதே சமயம், அமைச்சர் கிங் அறிவித்தார். இதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். அதே நேரம், 2020இல் கொரோனாவின்போது வந்த உள்ளூர்ச் சாலை, சமூக வசதித் திட்டத்தை முடித்துவிட்டார்கள். நடைபாதை, பூங்கா, சமூகக் கூடம் என்று சாலைக்கு வெளியேயும் செலவழிக்க வழி விட்டது அந்தத் திட்டம்தான். ஏன் நிறுத்துகிறீர்கள் என்று எதிர்க்கட்சி கேட்டதில் நியாயம் இருக்கிறது. சாலைக்கு இரண்டு மடங்கு வரலாம், பாட்டி நடக்கும் ஓரத்துக்கு வருமா என்பதுதான் என் கேள்வியும்.

ஆக, நான் போட்ட வரிசை இது. முதலில் அந்த 400 மீட்டர் நடைபாதையும் ரவுண்டபவுட்டில் ஒரு கடவையும். செலவு குறைவு, வேலை சில மாதம், எல்லா வயதினருக்கும் உதவும். அப்புறம் காலை ஆறு முதல் ஒன்பது, மாலை நான்கு முதல் ஏழரை வரை பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். கடைசி ரயில் வரை அரை மணிக்காவது ஒன்று. இரவு வேலை முடித்து வருகிறவர்களை மறக்கக் கூடாது. பார்க்கிங்கில் இப்போது இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒன்பது மணிக்கு மேல் வருகிறவர்களுக்கும் கொஞ்சம் ஒதுக்கினால் போதும்.

உங்கள் வீடு நிலையத்திலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் என்றால் பஸ்ஸை முதலில் போடுங்கள். நகர விளிம்பில் கடைசி நிலையம் என்றால் பார்க்கிங்கையே முதலில் போடுங்கள், நான் மறுக்க மாட்டேன். எங்கள் பக்கத்துக்குச் சரியானது உங்கள் பக்கத்துக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. அதை உங்கள் தெருவில் நடந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பஸ்ஸைக் கவுன்சில் ஓட்டாது என்று தெரியும். அதனால் படிவத்தின் நகலை எங்கள் மாநில உறுப்பினருக்கும், விக்டோரியாவின் எதிர்க்கட்சி செனட்டர் ஒருவருக்கும் அனுப்பப் போகிறேன். அடுத்த எஸ்டிமேட்ஸில் கேட்கச் சொல்லி ஒரே ஒரு கேள்வி: 2019இல் அறிவித்த 47 பார்க்கிங்குகளில் இன்று எத்தனை இருக்கின்றன, காலை ஏழரைக்கு அவற்றில் எத்தனை இடம் மிச்சமிருக்கிறது?

யாழ்ப்பாணத்து அண்ணரிடம் நேற்று தொலைபேசியில் பேசினேன். பார்க்கிங் என்பதை அவர் விடவில்லை. ஆனால் வரும் ஞாயிறு பள்ளிக்கு அரை மணி முன்னதாக வந்து, என்னோடு அந்த 1.8 கிலோமீட்டரை நடந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம்.